நோகும் எண்டு சொல்லுற மிஸ்ஸி

12.8.1974

ஆஸ்பத்திரிப் புற்றுநோய் வாட்டில் என் மல்லிகாவுக்கு இன்றும் ஊசி. தாதிமாருக்குப் படிப்பிக்கிற பெரிய மிஸ்ஸி, மாணவிகளைக் கட்டிலைச் சுற்றி நிறுத்தி, "ஊசி எப்பிடிப் போடவேணும் எண்டு இவ உங்களுக்குச் சொல்லித் தருவா" என்றார்.

என் ஆறு வயதுக்காரி டீச்சர் மாதிரி நிமிர்ந்தாள்.

"நோகாது எண்டு சொல்லக்கூடாது. அம்மாதான் அப்பிடிப் பொய் சொல்லுறவ. பெரிய மிஸ்ஸி நோகும் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போடுவா."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தலையணையில் உதிர்ந்த அவள் மயிரைப் பொறுக்குகிறவள் நான்.

பிறகு, "அம்மா, நீங்கள் வெளியிலை நில்லுங்கோ. எனக்கு மிஸ்ஸி மட்டும் காணும்" என்றாள்.

நல்ல மனுஷிதான். ஞாயிற்றுக்கிழமையும் பிள்ளைகளோடுதான் கிடக்கிறார். யார் இல்லையென்றது?

கதவில் காதை வைத்தபடி நின்றேன். ஊசி ஏறும்போது ஒருதரமாவது "அம்மா" என்று கத்துவாள் என்று பார்த்தேன்.

சத்தமே இல்லை.