கிணற்றடியில் நான் சொன்னது

வாயாடி,

முட்டை வேகவைத்து மூடி வைத்திருக்கிறேன். ஆறிப்போயிருந்தாலும் சாப்பிட்டுவிடு. அம்மா சாவியை மறந்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். மதியம் வருவாள், அதனால் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்கிவிடாதே.

நேற்று எனக்கு லீவு. கோட்டையைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று நான்தான் உன்னையும் அம்மாவையும் கூட்டிப்போனேன். வேலையில் பயணிகளுக்கு வழிகாட்டப் பிடிக்கும் கொடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தும், கிணற்றடியில் நாலு பேர் நின்றதும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. ராணி மோதிரத்தைக் கிணற்றில் வீசிய கதையை ஆரம்பித்துவிட்டேன்.

"அப்பா, இது நீங்களே கட்டின கதைதானே? வீட்ல சொன்னீங்களே!" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள்.

"யாரோ சின்னப் பொண்ணு, கண்டுக்காதீங்க" என்று சொல்லிவிட்டேன்.

திரும்பும்போது நீ பஸ்ஸில் அம்மா பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாய். கதை கட்டியதற்கு எனக்குக் கூச்சமில்லை, அது என் பிழைப்பு. பெற்ற பெண்ணை 'யாரோ' என்றேனே, அதை நினைத்தால்தான் உடம்பெல்லாம் கூசுகிறது. இப்போதும் உன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல், நீ எழுந்திருக்கும் முன்பே கிளம்புகிறேன்.

உன் செருப்பு வார் அறுந்திருந்தது, தைத்து வைத்திருக்கிறேன்.

அப்பா

பி.கு.: இன்று நாலு மணிக்குக் கோட்டை பார்க்க வரும் கடைசிக் கூட்டம். "இது நான் கட்டின கதை, அதைக் கண்டுபிடிச்சவ என் பொண்ணு" என்று கிணற்றடியில் சொல்லப்போகிறேன். நீ வராவிட்டாலும் சொல்வேன். அம்மாவோடு வந்தால் கூட்டத்தில் நிற்காதே. என் பக்கத்தில் வந்து நின்று கொடியைப் பிடித்துக்கொள்.