அப்பா கொடுத்த ரத்தம்

பிப்ரவரி 3

பள்ளியில் ஆசிரியர்கள் எல்லாருக்கும் ரத்தம் எடுத்திருந்தார்கள். எனக்குக் கெட்ட கொழுப்பு 291. நூற்றை ஒட்டி இருக்க வேண்டுமாம். யாருடைய சீட்டோ மாறியிருக்கும். உடற்பயிற்சி டீச்சர் நான். லெபனான் மலையூரான இந்த ஸாஹ்லேயின் மேட்டுத் தெருக்களை நிற்காமல் ஓடி ஏறுகிறவள். எனக்கா?

அண்ணன் இஸ்கந்தர் தன் கறிக்கடையில் நின்று சிரித்தான். "காலங்காத்தால பச்சை ஈரலும் ஆட்டு வால்கொழுப்பும் திங்கிறவன் நான். புல்லு திங்கிறவளுக்கு வியாதியாம்!"

பிப்ரவரி 9

டாக்டர் ஹனான் என் குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாரைக் கிள்ளிப் பார்த்தார். கொழுப்பு படிந்த தடிப்பாம். "அப்பாவுக்கும் இப்படியா?"

ஆமாம். எங்கள் வீட்டில் அதை மலைக்காரக் கால் என்று பெருமையாகச் சொல்வார்கள். அப்பா நாற்பத்தொரு வயதில் திராட்சைத் தோட்டத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்து விழுந்தார்; பிறகு எழவில்லை.

"கொலஸ்ட்ரால் இல்லாம உடம்பு இல்லை, நஜ்வா. செல்லுக்குச் சுவர் கட்ட, பித்தநீருக்கு, ஹார்மோனுக்கு, எல்லாத்துக்கும் வேணும். பெரும்பாலும் உடம்பே செஞ்சுக்குது. ரத்தத்துல மிஞ்சினதைத் திரும்ப எடுத்துக்கிறது ஈரல். உங்க ஈரல்ல அதுக்கான வாசல் பாதிதான் திறக்குது. அப்பாகிட்டேர்ந்து வந்தது, பிறந்ததுலேர்ந்தே."

பிறந்ததிலிருந்தே! நான் தின்னாத கொழுப்புக்கு ஆயுசு முழுக்க மாத்திரையா?

பிப்ரவரி 10

போட மாட்டேன்.

மே 12

மூன்று மாதம். கறி இல்லை, வெண்ணெய் இல்லை. பருப்பு, ஓட்ஸ், கீரை, ஆலிவ் எண்ணெய். ஓட்டம் இரண்டு மடங்கு.

266.

ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். டாக்டர் குத்திக்காட்டவில்லை. "இருபத்தஞ்சு குறைச்சிருக்கீங்க, சும்மா இல்லை. இந்தச் சாப்பாட்டை விடாதீங்க. கூட மாத்திரையும் வேணும்."

மே 13

போட்டுக்கொண்டேன். தோற்றுப்போய் அல்ல. சண்டை டாக்டரோடு அல்ல, அப்பா கொடுத்த ரத்தத்தோடு என்பது இப்போதுதான் விளங்கியது.

ஜூன் 21

தேவாலயத்தில் அப்பாவின் நினைவுப் பூசை, பிறகு அப்பா வீட்டில் விருந்து. சித்தப்பா மக்கள், அத்தை மக்கள், எல்லாரும் இருந்தார்கள். எழுந்து நின்று சொல்லிவிட்டேன்: எல்லாரும் ரத்தம் பாருங்க, பிள்ளைகளுக்கும் பாருங்க.

இஸ்கந்தர் தட்டைத் தள்ளினான். "வாயை மூடுடி! நெத்தியில எழுதினதை நீ அழிக்கப் போறியா? இதைக் கேட்டா உன் பொண்ணை நாளைக்கு எவன் கட்டுவான்?"

"அழிக்க வேணாம்ணே, படிச்சாவது பார்ப்போம். அப்பாவுக்குப் படிச்சுச் சொல்ல ஆள் இல்லை."

"எழுந்திரிச்சுப் போ."

என் அப்பா வீடு. எதுக்குப் போகணும்? பழத்தட்டு வரும்வரை உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 8

ரீமுக்கு 203. பதினோரு வயசுதான் ஆகுது — கடவுளே, எம் பொண்ணுக்கு நானே இதைக் கொடுத்துட்டேனே.

அவளிடம் மறைக்கவில்லை. "அப்போ நீச்சலை விடணுமா?" என்று கேட்டாள்.

"விடவே கூடாது."

"அப்போ சரி" என்று துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆகஸ்ட் 30

எனக்கு 124. இன்னும் இறக்கலாம் என்றார் டாக்டர். இறக்குவேன்.

வெளியே வந்தால் காத்திருப்போர் அறையில் இஸ்கந்தர். பக்கத்தில் அவனுடைய மூன்று மகள்களும். நான்கு பேர் முழங்கையிலும் பஞ்சு.

"கடையைப் பூட்டிட்டு வந்திருக்கேன், எவ்வளவு நேரம் ஆக்குறாங்க பாரு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான்.

பிறகு அடுத்த நாற்காலியில் கிடந்த தன் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். நான் உட்கார்ந்தேன்.