கணக்கில் விசேட சித்தி

4.5.59, திங்கள்

சிறுபோக நெல்லுக்கு இன்று குளத்துத் துருசைத் திறந்து தண்ணீர் விட்டோம். இரண்டாம் வாய்க்கால் வழக்கம்போல ஒழுகுகிறது. அடைக்க ஆள் விட்டிருக்கிறேன். பின்னேரம் பெரிய வாத்தியார் வீரகத்தி சைக்கிளில் கந்தோருக்கு வந்தார். தை மாதம்தான் எங்கள் குடியேற்றத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்தவர். எட்டாம் வகுப்போடு பிள்ளைகள் படிப்பை விட்டு வயலுக்குப் போய்விடுகிறார்களாம். எந்தப் பாடம் எந்த உத்தியோகத்துக்கு உதவும் என்று தெரிந்தால் நிற்பார்கள் என்பது அவர் எண்ணம். அதனால் புதன்தோறும் உத்தியோகம் பார்க்கும் ஒருவரைக் கூப்பிட்டு வகுப்பில் பேச வைக்கிறார். தபாற்கந்தோர்க்காரர் பூமிசாத்திரத்தைப் பற்றிப் பேசிவிட்டார், மருத்துவிச்சி அம்மா சுகாதாரத்தைப் பற்றி. அடுத்தது கணக்கு. அதற்கு நீர்ப்பாசன ஓவசியராகிய நான்.

ஓம் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது? சைக்கிளில் ஏறப் போனவர் திரும்பி நின்றார்.

"உங்கடை எஸ்.எஸ்.சி. சேட்டிபிக்கற்றையும் கொண்டு வாங்கோ. இந்தப் பிள்ளையள் அப்பிடி ஒண்டைக் கண்ணாலை கண்டதில்லை."

அவர் போனபின் கந்தோர்க் கதவைப் பூட்டிவிட்டு உள்ளேயே இருந்தேன்.

5.5.59

எழுதுவது ஆபத்து. எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

அந்தத் தராதரப் பத்திரம் என்னுடையதல்ல. என் அண்ணன் யோகலிங்கத்தினுடையது. 44 மார்கழியில் எஸ்.எஸ்.சி. சோதனை எடுத்தவன். கணக்கில் விசேட சித்தி, அதாவது மிக உயர்ந்த தேர்ச்சி. ஓவசியர் வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, நெருப்புக் காய்ச்சலில் பதினெட்டு நாள் கிடந்து செத்துப்போனான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமை வேலைக் கடிதம் வந்தது. ஐயா அதை என் கையில் வைத்தார். "வன்னியிலை ஆருக்கு உன்னைத் தெரியும்? போ" என்றார். நான் எட்டாம் வகுப்பில் கணக்கில் இரண்டு தரம் பெயில் விட்டவன். என்னைச் சோதனைக்கே விடவில்லை.

பதினான்கு வருடமாக நான் யோகலிங்கம். அப்புத்துரை என்று கூப்பிட ஐயாவும் அம்மாவும் இருந்தார்கள். இருவரும் போய்விட்டார்கள். நாகேஸ்வரிக்குத் தெரியாது. பெண்சாதி புருசன் பெயரைச் சொல்லாத வழக்கம் எனக்கு வசதியாய்ப் போயிற்று; வீட்டில் 'இஞ்சாருங்கோ'தான். பிள்ளை இல்லாததும் நல்லதுதான் என்று நினைக்கிற பாவி நான்.

பிடிபட்டால் வேலை மட்டுமா போகும்? மறியலில் கம்பி எண்ண வேண்டும்.

8.5.59

சங்கக்கடையில் வீரகத்தி வாத்தியார் பிடித்துக்கொண்டார். எந்தப் பள்ளிக்கூடம், எந்த வருடம் என்று கேட்டார். சொன்னேன். அவரும் அங்கேதான், இரண்டு வகுப்புக் கீழே.

"ஒரு யோகலிங்கம் இருந்தவர். முகம் ஞாபகம் இல்லை. இடக்கையாலை பலகையிலை கணக்குச் செய்வார், நாங்கள் யன்னலாலை எட்டிப் பாப்பம். அவர்தானோ நீங்கள்?"

சிரித்தேன். அதை ஓமென்று எடுத்தாரோ, இல்லையென்று எடுத்தாரோ தெரியாது. வாங்கிய சீனியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

9.5.59

இடக்கையால் எழுதிப் பார்க்கிறேன். நண்டு ஊர்ந்த மாதிரி இருக்கிறது.

11.5.59, திங்கள்

சோறு இறங்கவில்லை. நாகேஸ்வரி என்ன என்று கேட்டாள். வெயில் என்றேன். காய்ச்சல் என்று படுத்துவிட்டால் என்ன? அதற்கு அடுத்த புதன் வராமலா போகும்? பத்திரத்தைக் கறையான் தின்றுவிட்டது என்று சொல்லலாம். சொன்னால், கொழும்புக்கு எழுதிப் பிரதி எடுத்துத் தாறன் என்று நிற்பார் அந்த மனிதர். நல்ல மனிதர்களுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டியிருக்கிறது. அண்ணா, நீ செத்தது போதாதென்று நான் வேறு உன் பெயரில் தினமும் செத்துக்கொண்டிருக்கிறேன்.

13.5.59, புதன்

முடிந்தது. முடிந்ததா?

பதினொரு பிள்ளைகள். வாத்தியார் பின்வரிசை வாங்கில் கைகட்டிக்கொண்டு இருந்தார். இடக்கையில் வெண்கட்டியை எடுத்தேன். ஒரு கோடு போட்டதும் அது உடைந்து விழுந்தது. குனிந்து எடுத்து வலக்கையாலேயே எழுதினேன். வியர்வையில் சேட் முதுகோடு ஒட்டிப்போயிற்று. கணக்கு இதுதான்: வாய்க்காலில் ஒரு நாள் தண்ணீர் விட்டால் எட்டு ஏக்கர் நனையும், நாற்பத்தெட்டு ஏக்கருக்கு எத்தனை நாள்? ஆறு என்று பலர் கை தூக்கினார்கள். இரஞ்சிதம் என்ற பெட்டை மட்டும் எட்டு என்றாள். எப்படி என்று கேட்டேன். அது இரண்டாம் வாய்க்கால் என்றால் காற்பங்கு ஒழுகிப் போய்விடுமே, ஒரு நாளைக்கு ஆறு ஏக்கர்தானே நனையும் என்றாள். சரியாக எட்டு நாள்தான். கந்தோரில் என் கணக்கும் எட்டுத்தான்.

பயம் ஒரு நிமிடம் மறந்துபோயிற்று. இதுதான் ஓவசியர் வேலை என்று சொன்னேன். பொம்பிளையளும் ஓவசியராகலாமோ என்று கேட்டாள். பெடியன்கள் சிரித்தார்கள்.

பிறகு வாத்தியார் பத்திரத்தைச் சுவரில் குத்தி, ஒவ்வொருவராய் வந்து பார்க்கச் சொன்னார். இரஞ்சிதம் விசேட சித்தி என்ற இடத்தில் விரலை வைத்து, கனநேரம் நின்றாள். பத்திரம் இந்தத் தவணை முடியும்வரை சுவரிலேயே இருக்கட்டுமாம். சரி என்று தலையாட்டினேன்.

18.5.59, திங்கள்

வாய்க்கால் பார்க்கப் போன இடத்தில் இரஞ்சிதம் தகப்பனோடு வரம்பு கட்டிக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடம் இல்லையா என்று கேட்டேன். வியாழக்கிழமையோடு நின்றுவிட்டாளாம். தகப்பன் மறித்தாரா? இல்லை, தானாகவே நின்றுவிட்டாள் என்று அவரே சொன்னார்.

"நான் கணக்கிலை ரெண்டு தரம் பெயில், ஐயா. சுவரிலை உங்கடை சேட்டிபிக்கற்றைப் பாத்தனான். அந்த வேலை உங்களைப்போல மூளை உள்ளவைக்குத்தான். சும்மா ஏன் வாங்கைத் தேய்ப்பான்?"

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

19.5.59

படிப்பில் நிறுத்தி வைக்கத்தானே என்னைக் கூப்பிட்டார்கள்? நான் போய் ஒரு பிள்ளையைக் கலைத்துவிட்டு வந்திருக்கிறேன். அதுவும் அந்த வகுப்பில் கணக்கு விளங்கிய ஒரே பிள்ளையை.

ஒரு வார்த்தை சொன்னால் திரும்பி வருவாள். அந்த ஒரு வார்த்தை என் கழுத்துக்குக் கயிறு. என்னால் ஏலாது. ஏலவே ஏலாது.

20.5.59

இன்று பள்ளிக்கூடப் பக்கம் போகாமல் சுற்றுவழியால் போனேன்.

22.5.59, வெள்ளி

பிள்ளையார் கோயிலுக்குக் கட்டாயம் வரச் சொன்னாள் நாகேஸ்வரி. நான் அவளோடு கோயிலுக்குப் போவது குறைவு. அர்ச்சனைக்குப் பெயர் கேட்பார்கள். சாமிக்கு முன்னால் பொய்ப் பெயர் சொல்லப் பயம். இன்று தட்டமுடியவில்லை. ஐயர் அர்ச்சனைத் தட்டை வாங்கினார். பெயர் கேட்கவில்லை. சதய நட்சத்திரம், அப்புத்துரை என்று மந்திரத்தோடு சொல்லிக்கொண்டே உள்ளே போனார். மாதாமாதம் சொல்லிப் பழகிய நாக்கு.

தூணைப் பிடித்துக்கொண்டேன். நாகேஸ்வரி கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றாள்.

வரும் வழியில் அவள்தான் கதையைத் தொடங்கினாள். கலியாணத்துக்குப் பொருத்தம் பார்க்க ஐயா கொடுத்தது என் சொந்தச் சாதகம். பெயரும் பிறந்த வருடமும் அதில் இருந்தன. பதிவுப் புத்தகத்தில் வேறு பெயரைக் கண்ட அன்றைக்கே அவளுக்கு விளங்கிவிட்டது. ஐயருக்குப் பெயரைத் துண்டில் எழுதிக் கொடுத்தாளாம், வாயால் சொல்லவில்லை.

"மாமா கந்தோரை ஏமாத்தினார், கிரகத்தை ஏமாத்தப் பயந்திட்டார். ஒன்பது வருசமாய்ப் பாத்துக்கொண்டிருக்கிறன், எப்ப சொல்லுவியள் எண்டு."

கோபமில்லையா என்று கேட்டேன்.

"இருந்தது. உங்கடை பயத்தைப் பாத்துப் பாத்து அது போட்டுது."

வீதியில் நின்று அழுதேன். முப்பத்திரண்டு வயது ஆள். இரஞ்சிதத்தின் கதையையும் சொன்னேன்.

23.5.59

பள்ளிக்கூடத்துக்குப் போய் வீரகத்தி வாத்தியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கதிரையில் இருந்தபடியே கேட்டார். நான் வலக்கையால் எழுதியபோதே அவருக்கு விளங்கியதாம். சுவரிலிருந்து பத்திரத்தைக் கழற்றித் தந்தார்.

"வாய்க்கால் கணக்குச் சரியாய்த்தானே இருந்தது. கொண்டுபோய் எரியுங்கோ. நான் ஒண்டும் கேக்கேல்லை, நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை."

தப்பலாம். வாசல்வரை வந்தேன். பிறகு இரஞ்சிதத்தின் வளவுக்கு நடந்தேன். நடந்தது நானா என்று இன்னும் நம்பமுடியவில்லை. தகப்பனும் தாயும் நிற்க, அந்தப் பத்திரம் செத்துப்போன என் அண்ணனுடையது, நானும் உன்னைப்போல ரெண்டு தரம் பெயில் விட்டவன் என்று சொன்னேன். அப்படியென்றால் உங்களுக்குக் கணக்கை ஆர் படிப்பித்தது என்று இரஞ்சிதம் கேட்டாள்.

"பயந்து பயந்து நானே படிச்சனான், பிள்ளை. பிடிபட்டிடுவன் எண்ட பயத்திலை. நீ பயப்பிடாமல் படிக்கலாம்."

குடியேற்றத்தில் மூன்று வீட்டுக்குத் தெரிந்தது முந்நூறு வீட்டுக்குத் தெரியும். யாராவது எழுதிப் போடுமுன் நானே மேலிடத்துக்கு எழுதிவிட்டேன். தபாற்பெட்டியில் கடிதம் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

26.5.59

இரஞ்சிதம் பள்ளிக்கூடம் போகிறாள். நான் மோட்டார்ச் சத்தம் கேட்டாலே பொலிஸ் என்று வாசலை எட்டிப் பார்க்கிறேன்.

29.7.59, புதன்

போன மாத நடுவில் கடிதம் வந்தது. வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். வழக்கு வைப்பதைப் பற்றிப் பிறகு அறிவிப்பார்களாம். அந்தப் 'பிறகு' என்ற சொல்லோடுதான் படுத்து எழும்புகிறேன். உறையில் ஆ. அப்புத்துரை என்று தட்டச்சில் இருந்தது. அரசாங்கம் எனக்கு எழுதிய முதற்கடிதம். குவாட்டர்சை விட்டு வாத்தியாரின் வளவில் ஒரு கொட்டிலில் இருக்கிறோம். பகலில் வாய்க்கால் அடைக்கும் கூலி வேலை. புதிய ஓவசியர் என்னிடம் வந்துதான் தண்ணீர் முறையைக் கேட்கிறார்.

புதனும் வெள்ளியும் பள்ளிக்கூடம் விட்டபின் எட்டாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். இன்று தவணைச் சோதனைப் புள்ளி வந்தது. சித்திக்கு நாற்பது வேண்டும். இரஞ்சிதத்துக்கு முப்பத்தெட்டு. திரும்பவும் பெயில். பட்டியலைப் பார்த்து என் முகம் செத்துப்போயிற்று. அவள் கொப்பியோடு மேசைக்கு வந்தாள்.

"போன முறை பத்தொன்பது, ஐயா. அடுத்த தவணை பாப்பம். நீங்கள் யோசிக்காதேங்கோ."

போய் முன்வாங்கில் இருந்தாள். நான் பின்னக் கணக்கைத் தொடங்கினேன்.