ஒட்டிக்கொள்ளாத மணிகள்

ஜெர்மனி, மார்ச் 2001

அன்புள்ள அம்மாவுக்கு,

மாதா புண்ணியத்துல நான் சுகமா இருக்கேன். உங்க முழங்கால் வலி எப்படி இருக்கு? அப்பாவுக்கு இருமல் நின்னுச்சா?

என் ஆராய்ச்சி, கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன உருண்டை மணிகள் மேல பாலிமர் ஒரு பூச்சு, நுண்துகள் ஒரு பூச்சுன்னு மாத்தி மாத்திப் பூசுறது. மாசக்கணக்கா மணியெல்லாம் ஒட்டிக் கட்டியாகிட்டே இருந்துச்சு.

“வேற ஆராய்ச்சி பார்ப்போமா?”ன்னு பேராசிரியர் கேட்டார்.

“இன்னும் ஒரு தடவை செஞ்சு பார்க்கிறேன்”னு சொன்னேன்.

இந்தத் தடவை ஒவ்வொரு பூச்சுக்கு அப்புறமும் ஒட்டாத மிச்சத்தைப் பொறுமையா அலசினேன். கண்ணாடிக் குழாய் உடைஞ்சு விரல்ல சின்னக் கீறல், ஆறிருச்சு. நேத்து மைக்ரோஸ்கோப்புல பார்த்தா, ஒவ்வொரு மணியும் தனித்தனியா நின்னுச்சு. “இதையே தொடருங்க”ன்னு அவர் கை குடுத்தார்.

நம்ம மடுல்சீமை மாதா கோயில் பாட்டைக் கேசட்டுல பதிஞ்சு அனுப்புங்கம்மா. நடுவுல நீங்க பேசினாலும் அழிக்க வேணாம்.

தபால் கந்தோரை மூடுற நேரமாச்சு, இதோட முடிக்கிறேன்.

உங்க மகள்,
நிலக்ஷனா