மூன்றாவது துளையில் உன் போல்ட்

டிசம்பர் ஆறு, சனிக்கிழமை, காலை ஆறு இருபது. துளைகள் மூன்று. உன் போல்ட் இன்னும் மூன்றாவதில்தான் இருக்கிறது.

உன் வீட்டு ஷெட்டில், உன் காருக்கு அடியில் அட்டையை விரித்துப் படுத்திருக்கிறேன். துரு இளக்கும் எண்ணெயை இப்போதுதான் அடித்தேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நீ இடது பக்கம் படுத்துக்கொண்டு டார்ச்சை என் கண்ணிலேயே அடிப்பது போல இருந்தது. எண்ணெய் ஊற அரை மணி நேரம் ஆகும். அதுவரை போனில் இதைத் தட்டுகிறேன். கையெல்லாம் எண்ணெய். பிழை இருந்தால் கண்டுகொள்ளாதே.

கோயம்புத்தூரில் பழைய வண்டியாக இதை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்த அன்றே தரையோடு இறக்கினாய். ஸ்பிரிங் மாற்றினாய், ஷாக் மாற்றினாய். தெருமுனை டீக்கடைக்காரர் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "ஏந்தம்பி, ஸ்பிரிங்கு ஒடஞ்சு போச்சா, வண்டி இப்பிடிப் படுத்துக் கெடக்கு?" என்று கேட்டார். "ஒடையலண்ணே, நாந்தான் படுக்க வச்சேன்," என்றாய். "காச குடுத்தா படுக்க வச்சீக?" என்றார் அவர். நான் சிரித்ததற்கு வீடு வரும்வரை என்னோடு பேசவில்லை.

கடைசியாகப் பூட்டியது இந்தப் பின் ஸ்டெபிலைசர் பார். இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் கோத்து, வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பி. அதன் இரண்டு முனைக் கையிலும் மும்மூன்று துளை. போல்ட்டை நுனியில் முதல் துளையில் பூட்டினால் மெது, உள்ளே போகப் போக இறுக்கம். நீ ஒன்றையும் இரண்டையும் ஒரு நாள்கூட ஓட்டிப் பார்க்கவில்லை. நேராக மூன்றுக்குப் போய்விட்டாய்.

"வேணாம்டா. முன்சக்கரம் இழுக்குற வண்டி. பின்னாடி இவ்வளவு இறுக்குனா, வளைவுல ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்ததும் வால் வீசிரும்."

"காலை எடுத்தாத்தானே? நான் எதுக்கு எடுக்குறேன்?"

"பயந்தா எடுப்ப."

"மாப்ள, பயப்படுறது ஒன் வேலை. ஓட்டுறது என் வேலை. ஆளுக்கொரு வேலை, போதும்ல?"

நீ சொன்னது உண்மைதான். உன்னால் முடிந்தது. வண்டி வளைவில் வேகமாகத் திரும்பும்போது உன் பாதம் ஆக்சிலேட்டரில் மயிரிழைகூட நகராது. நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பேன். வண்டிகளைச் சோதிப்பதுதான் ஓசூரில் எனக்குச் சோறு போடும் வேலை. எதனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால் பயந்தேன்.

ஆனால் தவறான பக்கம் பார்த்துப் பயந்திருக்கிறேன். இந்தக் கம்பியையும் டயரையும் மழை நாளையும் பார்த்துக்கொண்டிருந்த என் முன்னால் உன்னை ஒரு கொசு கொண்டுபோய்விட்டது. காய்ச்சல் என்றாய், மதுரைக்குக் கொண்டுபோனோம், ஐந்தாம் நாள் முடிந்தது. வண்டியில் ஒரு கீறல் இல்லை.

இன்று உனக்கு வருஷ திதி. உன் அப்பா போன வாரம் கூப்பிட்டார். உன்னைப் போலவே நானும் அவரை அப்பச்சி என்று கூப்பிட்டுப் பழகிவிட்டேன். "தம்பி, நின்ன வண்டி. ஒரு தடவ பாத்துக் குடு. கோவிலூர்ல கும்பிட்டுட்டு, அப்பிடியே மதுரையில மக வீடு வரைக்கும் நானே ஓட்டிக்கிட்டுப் போறேன்," என்றார். நேற்று மத்தியானம் வந்து சேர்ந்தேன். உன் அம்மா, எனக்கு ஆச்சி, காபியை வைத்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். "எண்ணெய் தண்ணி மட்டும் பாருப்பா. வேற ஒண்ணையும் மாத்திராத. அவன் வச்சது வச்சபடி இருக்கட்டும்."

சாயங்காலம் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். அப்பச்சி உன்னைவிட ஒரு சாண் குட்டை. சீட்டில் உட்கார்ந்தார், கிளட்சுக்குக் கால் எட்டவில்லை.

"சீட்ட முன்னால இழுத்துக்கங்க, அப்பச்சி. கீழ லீவர் இருக்கு."

"வேணாம்ப்பா. அவன் ஒக்காந்த எடம்."

முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை வைத்துக்கொண்டார். உன் கட்டில் தலையணை.

"கண்ணாடியில என்ன தெரியுது, பாத்தீகளா?"

"கூரை தெரியுது."

"பின்னாடி வர்ற வண்டி?"

"வாரவன் பாத்து வரட்டும்," என்று சாவியைத் திருப்பினார்.

மழை விட்டிருந்த நேரம். புதுவயல் ரோட்டில் மில் லாரிகள் சிந்திய தவிடு நனைந்து சோப்பு மாதிரி கிடந்தது. மில்லுக்கு முந்தின வளைவில் எதிரே ஒரு லாரி வந்தது. எந்த மனிதனும் செய்வதை அப்பச்சி செய்தார். காலை எடுத்தார். "எடுக்காதீக" என்று நான் வாயைத் திறப்பதற்குள் பின்பக்கம் நழுவி, லாரியின் விளக்கு என் பக்கத்து ஜன்னலுக்குள் வந்துவிட்டது. பிறகு எப்படியோ டயர் தார்ரோட்டைப் பிடித்தது. அப்பச்சியின் கைக்கும் என் படிப்புக்கும் அதில் பங்கில்லை. தானாக நேரானது.

ஓரம் கட்டினார். தலையணை இடுப்புக்குச் சரிந்திருந்தது. அவர் சிரித்தார். ஒரு வருஷமாக அந்த முகத்தில் நான் சிரிப்பைப் பார்க்கவில்லை.

"இதானா தம்பி அவன் சொல்லுவானே, அந்தத் திருப்பம்? வால வீசிக்கிட்டுத் திரும்பும்பான். நெசந்தான் போல."

லாரி விளக்கைவிட அந்தச் சிரிப்புதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. இவர் திரும்பவும் அதைத் தேடுவார். மதுரை வரை எத்தனை வளைவு இருக்கிறது என்று உனக்குத் தெரியும். பின்சீட்டில் ஆச்சி இருப்பார்.

நான் சுற்றிவளைத்துப் பேசுகிறவன் இல்லை. முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கென்று பெட்டியில் மடித்து வைக்கும் வேட்டியால் யாருக்கும் ஆபத்தில்லை. அப்படியே இருக்கட்டும் என்று சொல்லலாம். இது ஒரு டன் இரும்பு. ஷெட்டில் நின்றால் உன் நினைவு, ரோட்டில் ஏறினால் வண்டி. நீ வைத்த அளவு உன் காலுக்கு வைத்தது, அப்பச்சியின் காலுக்கு அல்ல. இந்த வண்டியில் பயப்படுகிறவனுக்கு இடம் வைக்காமல் போய்விட்டாய். மிச்சம் இருக்கிற எல்லோரும் பயப்படுகிறவர்கள்தான்.

முதல் துளைக்கு மாற்றினால் அவர் கண்டுபிடித்துவிடுவார். வண்டி வால் வீசாமல், சொங்கியாகத் திரும்பும். அந்தச் சிரிப்பு வராது. அதை நான்தான் எடுத்தேன் என்று ஆகும். அதற்கும் பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் நீ எனக்கென்று பிரித்துக் கொடுத்த வேலை அது. நீ உன் வேலையை விட்டுவிட்டுப் போனாய். என்னுடையதை நான் இன்னும் விடவில்லை.

எண்ணெய் ஊறிவிட்டது. ஒன்பது மணிக்கு அப்பச்சி குளித்துவிட்டு வருவார். அதற்குள்:

1. முதலில் வீட்டுக்குள் போய் இரண்டு பேரிடமும் சொல்வது. சொல்லாமல் ஸ்பேனரைத் தொடுவதில்லை.

2. இரண்டு பின்சக்கரத்தையும் ஒரே உயரத்தில் தூக்கி, கம்பியில் முறுக்கு இல்லாமல் செய்து, இரண்டு போல்ட்டையும் முதல் துளைக்கு மாற்றுவது.

3. மூன்றாவது துளையைச் சுற்றி வெள்ளைப் பெயின்ட் வைப்பது. நீ இருந்த இடம் அழியாது என்று ஆச்சிக்குக் காட்டுவது.

4. சீட் லீவரை அப்பச்சியின் கையாலேயே இழுக்க வைப்பது. தலையணை உன் கட்டிலுக்குப் போகும்.

5. கண்ணாடியில் ரோடு தெரிகிறதா என்று கேட்பது. தெரிகிறது என்று அவர் வாயால் சொல்லும்வரை கேட்பது.

6. எதையும் மாற்றக்கூடாது என்றால் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாடகைக் கார் பிடிப்பது. திட்டினால் திட்டட்டும்.

7. சரி என்றால் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மதுரை வரைக்கும் பயப்படுவது.