விதை எந்தப் பக்கம்

வானவடி, புனே
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பார்கவிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம், நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சௌக்கியமாக இருப்பதாக வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். இங்கே மழை பிடித்துக்கொண்டது. கடக்வாஸ்லா அணையில் தண்ணீர் திறந்துவிட்டதைப் பார்க்க அப்பா கூட்டத்தோடு கூட்டமாகப் போய்க் குடையைத் தொலைத்துவிட்டு வந்தார், வாரம் முழுக்கத் தும்மல். எதிர் ஃபிளாட் வைஷாலியின் பெண்ணுக்கு ஹிஞ்சேவாடியில் வேலை கிடைத்திருக்கிறது, பாதி நாள் ஆபீஸ் கேபிலேயே போகிறது என்று புலம்புகிறாள். துணி எதுவும் காய்வதில்லை, வீடு முழுக்க ஈர வாடை. மற்றபடி சொல்ல ஒன்றுமில்லை.

போனில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். இங்கே புனே கிளினிக்கில் உறையவைத்திருக்கும் உங்கள் இரண்டு கருக்களையும் இனி வைத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று நீயும் மாப்பிள்ளையும் யோசிப்பதாகச் சொன்னாய். சொல்லிவிட்டு, நீதான் சயின்ஸ் டீச்சராச்சே, சொல்லும்மா, அதுக்கு உயிர் இருக்கா இல்லையா என்று கேட்டாய். குக்கர் கத்துகிறது என்று போனை வைத்துவிட்டேன். குக்கர் அடுப்பிலேயே இல்லை. போனில் பேசினால் நீ அழுவாய், நானும் அழுவேன், விஷயம் அப்படியே நிற்கும். எழுதினால் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல முடியும் என்று தோன்றியது.

ஆறாம் வகுப்புக்கு இப்போது அந்தப் பாடம்தான் நடக்கிறது. உயிருள்ளவை மூச்சு விடும், உணவு எடுக்கும், வளரும், கழிவை வெளியேற்றும், தொட்டால் சுட்டால் உணரும், தன்னைப் போல இன்னொன்றை உண்டாக்கும். தாவரம் நின்ற இடத்திலேயே வெயிலை வைத்துத் தன் சாப்பாட்டைத் தயாரித்துக்கொள்ளும், விலங்கு தேடிப் போக வேண்டும். வருஷா வருஷம் இதைத்தான் ஒப்பிக்கிறேன். போர்டில் நடுவே கோடு கிழித்து, உயிருள்ளது ஒரு பக்கம், உயிரற்றது ஒரு பக்கம், ஆளுக்கொன்று சொல்லுங்கள் என்றேன். நாய், நாற்காலி, வேப்பமரம், பஸ் என்று சரியாகப் போய்க்கொண்டிருந்தது. நஸ்ரின் என்று ஒரு பெண், உசல் குழம்புக்கு ஊறப்போடும் மட்கிப் பயறைப் பொட்டலமாகக் கொண்டுவந்திருந்தாள், அதை உயிரற்ற பக்கம் எழுதச் சொன்னாள். டப்பாவில் மாதக்கணக்காகக் கிடந்தாலும் அது சாப்பிடாது, வளராது, அசையாது, மூச்சு விட்டு யாரும் பார்த்ததில்லை என்று வக்கீல் மாதிரி வாதம் வேறு. பாதி வகுப்பு அவள் கட்சி. சரி என்று அந்தப் பயறையே ஊறவைத்து ஈரத்துணியில் கட்டி ஜன்னலில் வைத்தோம். மறுநாள் அவிழ்த்தால் பெரும்பாலானவை முளை விட்டிருந்தன, சில மட்டும் கல்லுக் கல்லாக அப்படியே கிடந்தன. விதைக்கு உயிர் உண்டு, அது சத்தமில்லாமல் காத்திருக்கிறது, தண்ணீரும் சூடும் கிடைத்தால் எழுந்துகொள்ளும், சில கிடைத்தாலும் எழுந்துகொள்ளாது, எது எழும் என்று மேலே பார்த்துச் சொல்ல முடியாது என்று சொல்லிக்கொடுத்தேன். உடனே தேஜஸ் என்கிற பையன் எழுந்து, அப்படின்னா நாங்க டிபன்ல உயிருள்ளதையா சாப்பிடறோம் மேடம் என்றான். ஆமாம் என்றேன். சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லாரும் டிபனைத் திறந்து சாப்பிட்டார்கள், அவன் உள்பட.

ஆகவே உன் கேள்விக்குப் பதில், உயிர் உண்டு. அந்தக் குளிரில் விதை விடுகிற அளவு மூச்சுகூட அதற்குக் கிடையாது, எல்லாம் நின்றிருக்கிறது, ஆனாலும் செத்தது என்று சொல்ல முடியாது. உன் மனசு ஆறட்டும் என்று இல்லை என்று எழுதினால் நீயே நம்ப மாட்டாய். ஆனால் உயிர் இருக்கிற ஒவ்வொரு விதையையும் யாராவது ஊன்றியே தீர வேண்டும் என்று நான் எந்த வகுப்பிலும் பாடம் நடத்தியதில்லை. அது அப்படி இருக்கிறது, அவ்வளவுதான். அதற்காக நீ கடமைப்பட்டுவிட்டாய் என்று ஆகாது.

இன்னொன்றும் நடந்தது. இனப்பெருக்கம் என்ற கடைசிப் பண்பைச் சொல்லும்போது பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண், ரீனா மேடத்துக்குக் குழந்தையே இல்லையே, அவங்க எந்தப் பக்கம் என்று கேட்டது. ரீனா கணக்கு டீச்சர், அடுத்த அறையில்தான் இருந்தாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது ஓர் இனத்துக்கு உள்ள பண்பு, அதில் ஒவ்வொருவரும் செய்து காட்டிப் பாஸாக வேண்டிய பரீட்சை கிடையாது, கூட்டில் இருக்கும் தேனீக்களில் முக்கால்வாசிக்கு மேல் குஞ்சே கிடையாது, அவை உயிரில்லாமலா பறக்கின்றன என்று கேட்டேன். சொல்லி முடித்ததும் உன் முகம் ஞாபகம் வந்தது, போர்டை அழிக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

எனக்கு ஆசை இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். பேரனோ பேத்தியோ வேண்டும் என்று நிறைய ஆசைப்பட்டேன், இப்போதும் வருத்தமாகத்தான் இருக்கிறது. அது என் வருத்தம், நான் பார்த்துக்கொள்கிறேன், நீ தூக்கிச் சுமக்காதே. போன வருஷம் மூன்றாவது தடவை வைத்த கரு கலைந்து, இரத்தம் நிற்காமல் உன்னை ஐசியூவில் போட்டிருந்தபோது, உன் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குழந்தை போச்சே என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. நீ கண்ணைத் திறந்தால் போதும் என்றிருந்தது. இன்னொரு முறை முயற்சி செய்யலாம் என்று நீங்கள் தீர்மானித்தாலும் வந்து கூட நிற்பேன், ஆனால் பயந்துகொண்டுதான் நிற்பேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வேண்டாம் என்று முடிவு செய்தால், நீங்கள் இருவரும் அங்கிருந்தே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதுமாம், கிளினிக்கில் விசாரித்தேன், நான் போக வேண்டிய அவசியமில்லையாம். இருந்தாலும் எந்த நாள் என்று கேட்டு எனக்குச் சொல். லீவு போட்டுவிட்டுப் போய் வெளியே உட்கார்ந்திருக்கிறேன். நம் வீட்டு ஆள் ஒருவர்கூட அங்கே இல்லாமல் அது முடிய வேண்டாம்.

இரும்புச்சத்து மாத்திரையை விடாதே, டீயோடு சேர்த்துப் போடாதே. மாப்பிள்ளையையும் அதட்டாமல் பேசவிடு, அவருக்கும் இதில் துக்கம் இருக்கும். அப்பா இதைப் படித்தார். சீக்கிரம் மடி நிறையட்டும் என்று கடிதத்தின் கடைசியில் தன் கையால் ஒரு வரி எழுதுவாரே, இந்த முறையும் பேனாவைக் கேட்டு வாங்கினார். கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, எம் பொண்ணு நல்லா இருக்கணும், அதை மட்டும் நீயே எழுதிடு ரமா என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எழுதிவிட்டேன். நீ நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் அம்மா
ரமா சங்கரன்