அடித்து எழுதிய பதினான்கு பக்கங்கள்

மேடம்,

இன்று காலை மூன்றாமாண்டு மாணவிகள் தங்கள் ப்ராஜெக்ட் அறிக்கைகளைக் கொண்டுவந்து என் மேசையில் அடுக்கிவிட்டுப் போனார்கள். பைண்டிங் கடையிலிருந்து நேராக வந்தவை. பசையும் ஜெராக்ஸ் சூடும் கலந்த அந்த வாசனை வந்ததும் என்னையறியாமல் பக்கத்து மேசையைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே இப்போது புதிதாகச் சேர்ந்த ஓர் ஆசிரியை உட்கார்ந்திருக்கிறார். "என்னங்க மேடம்?" என்றார். "ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

பதினாறு வருடம் நமக்குப் பக்கத்துப் பக்கத்து மேசை. ஒரே நாளில் வேலையில் சேர்ந்தோம், வேலம்பாளையத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வந்தோம், ஒருவர் டப்பாவில் மற்றவர் கைவிட்டுச் சாப்பிட்டோம். ஆனாலும் கடைசிவரை ஒருவருக்கொருவர் மேடம்தான்.

அந்த வருடம் நினைவுக்கு வந்தது. நம் மாணவிகள் கடைசிப் பருவத்தில் ஏதாவதொரு பனியன் கம்பெனிக்குப் போய், தொழிலாளர்களிடம் பேசி, அறிக்கை எழுத வேண்டும். உண்மையில் எழுதியவர்கள் குறைவு. கல்லூரிக்கு எதிரே இருந்த கடையில் பழைய அறிக்கைகள் கிடைக்கும். கம்பெனி பெயரையும் மாணவி பெயரையும் மாற்றி அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள். அது எல்லோருக்கும் தெரியும். 'இது என் மேற்பார்வையில் நடந்த சொந்த ஆய்வு' என்ற சான்றிதழ்ப் பக்கத்தில் நாமும் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போவோம். அந்த வருடம் உங்களிடம் பதினான்கு அறிக்கைகள், என்னிடம் பதினொன்று.

வாய்மொழித் தேர்வுக்கு முந்தைய நாள் மதியம் நீங்கள் சும்மா ஒன்றைப் புரட்டினீர்கள். பனியன் கம்பெனியில் பெண் தொழிலாளர்களின் மனநிறைவு பற்றிய அறிக்கை. அதன் நடுவே, 'வெடிமருந்து கலக்கும் அறையில் காற்றோட்டம் உள்ளதா?' என்று ஒரு கேள்வி. இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம். பிறகு அதை எழுதிய திவ்யாவைக் கூப்பிட்டனுப்பினீர்கள்.

"பனியன் கம்பெனிக்குள்ள பட்டாசு எப்படி வந்துச்சு கண்ணு?"

அவள் அழ ஆரம்பித்தாள். அழுகையோடு கோபமும் வந்துவிட்டது. "எல்லாரும் கடையிலதானுங்க மேடம் வாங்கறாங்க. என்னைய மட்டும் கேக்கறீங்க. நீங்களும் படிக்காமத்தானுங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

அதட்ட நான் எழுந்தேன். நீங்கள் என் கையைப் பிடித்து உட்கார வைத்தீர்கள். "நீ சொல்றது சரிதான். போய் மொகத்தைக் கழுவு" என்று மட்டும் சொல்லி அவளை அனுப்பினீர்கள். பிறகு பதினான்கு அறிக்கைகளையும் மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, "முதல்வர்கிட்டப் போறேன், கூட வர்றீங்களா?" என்றீர்கள். வந்தேன்.

முதல்வருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பதறிவிட்டார். "நாளைக்கு எக்ஸாமினர் வர்றாருங்க. ரிசல்ட் என்னாகும்னு யோசிச்சீங்களா? காப்பியடிச்சது புள்ளைங்க. நீங்க ஏனுங்க தலையைக் குடுக்கறீங்க?"

"அவங்க பண்ணுனதும் தப்புத்தானுங்க சார். ஆனா அது நெசம்னு சொன்னது நானுங்களே."

அவர் மேசையிலேயே ஒவ்வொரு சான்றிதழ்ப் பக்கமாகத் திறந்து, உங்கள் கையெழுத்தின் மேல் கோடு போட்டு, பக்கத்தில் 'படிக்காமல் ஒப்பமிட்டேன்' என்று எழுதித் தேதியிட்டீர்கள். பதினான்கு தடவை. முதல்வர் தடுக்க நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னுடைய பதினொன்றும் நம் அறை அலமாரியில் இருந்தன. நான் வாயைத் திறக்கவில்லை.

உங்கள் மாணவிகளுக்கு மட்டும் தேர்வு மூன்று வாரம் தள்ளிப்போனது. உங்களுக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. இரண்டு வருடம் உங்களுக்கு ப்ராஜெக்ட் மாணவிகளை ஒதுக்கவே இல்லை. ஒரு மாணவியின் அப்பா வராந்தாவில் நின்று, "எம் புள்ள வாழ்க்கையில ஏனுங்க வெளையாடறீங்க?" என்று கத்தினார். அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தீர்கள். அந்த மூன்று வாரமும் வகுப்பு முடிந்ததும் பெண்களைக் கூட்டிக்கொண்டு கம்பெனி கம்பெனியாக நடந்தீர்கள். இரண்டு பேர் மறுபடியும் கடைச் சரக்கையே கொண்டுவந்தார்கள். அவற்றில் நீங்கள் கையெழுத்துப் போடவில்லை. அந்த இருவரும் அடுத்த வருடம்தான் தேறினார்கள். அதற்காக நீங்கள் வருந்தியதும் எனக்குத் தெரியும்.

திவ்யாவின் வாய்மொழித் தேர்வுக்கு நானும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை அவள் அறிக்கை மெலிதாக இருந்தது. தைத்த பனியன்களில் குறை பார்க்கும் செக்கிங் பிரிவுப் பெண்கள் வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள், கழிப்பறைக்குப் போக ஒவ்வொரு தடவையும் சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டியிருப்பதால், என்று எழுதியிருந்தாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"எங்கம்மா செக்கிங்லதானுங்க சார் இருக்காங்க. காலையில கொண்டு போற தண்ணி பாட்டிலு சாயங்காலம் அப்படியே திரும்பி வருமுங்க. இத்தனை வருசமா ஏன்னு நான் கேட்டதே இல்லீங்க. இதுக்காகத்தான் கேட்டேன்."

தேர்வாளர் அந்தப் பக்கத்தை மறுபடி ஒருமுறை படித்தார். அறிக்கை என்ற பெயரில் எத்தனையோ வருடம் நாம் அடுக்கி வைத்த காகிதக் கட்டுகளில் இப்படி ஒரு வரி இருந்ததில்லை. நீங்கள் அந்தக் கோட்டைப் போட்டிருக்காவிட்டால் இதுவும் இருந்திருக்காது.

உங்களுக்கு உடம்பு முடியாமல் போய், கோவை மருத்துவமனையில் உங்கள் கட்டிலருகே உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம் கடைசியில் சொல்லிவிட்டேன். "அன்னைக்கு எம்பட பதினொண்ணையும் நான் படிக்கவே இல்லீங்க மேடம்."

"தெரியுமுங்க."

"அப்பறம் ஏனுங்க ஒரு வார்த்தை கேக்கல?"

நீங்கள் லேசாகச் சிரித்தீர்கள். "எம்பட கையெழுத்தைத்தானுங்க நான் அடிக்க முடியும்."

அந்தப் பதினொன்றை இனி நான் அடிக்க முடியாது. அந்தப் பெண்கள் பட்டம் வாங்கி, கல்யாணமாகி, திசைக்கொருவராகப் போய்விட்டார்கள். ஆனால் நீங்கள் போன பிறகு, மூன்றாமாண்டு வகுப்பின் முதல் நாளில் பாடம் எடுக்குமுன் அதைச் சொல்லிவிடுகிறேன். படிக்காமலே பதினொரு பேருக்குச் சான்று கொடுத்தவள் நான் என்று. சொல்லும்போது கால் நடுங்குகிறது, மேசையைப் பிடித்துக்கொள்கிறேன். உங்களுக்கு அதெல்லாம் இயல்பாக வந்தது, எனக்கு வராது என்று இத்தனை வருடம் சொல்லிச் சொல்லியே தப்பித்துக்கொண்டிருந்தேன். முதல்வர் மேசை முன் நின்றபோது உங்களுக்கும் கால் நடுங்கித்தான் இருக்கும் என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.